விண்மீன் என்று போட்ட நோட்டீஸ்

பச்சையம்மாவுக்குக் கோபம் வருமா என்று சாந்தோம் குப்பத்தில் யாரையாவது கேட்டால், கேட்டவனைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். வராமல் இருந்தது எப்போது என்று கேட்டிருந்தால் யோசித்தாவது சொல்லியிருப்பார்கள். கரையில் மீன் ஏலம் எடுக்கும்போது ஒரு கோபம். கூடையோடு ஏறக் கூடாது என்று கண்டக்டர் கையை நீட்டினால் ஒரு கோபம். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு போகிற பொம்பளைகள்மேல் தனியாக ஒரு கோபம். அவள் வாயைத் திறந்தால் கச்சேரி ரோட்டில் ரிக்‌ஷாக்காரன்கூட வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பான்.

ஆனால் அந்தக் கோபம் வந்த வேகத்தில் போய்விடும். காலையில் கிழி கிழியென்று கிழித்த ஆளுக்கே சாயங்காலம் வெற்றிலை மடித்துக் கொடுப்பாள். புருஷன் அங்கமுத்து பாலவாக்கத்தில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். மாதம் ஒரு தடவை தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பான். தெருவே கேட்க அவனை வாங்கு வாங்கென்று வாங்குவாள். அப்புறம் தட்டில் சோறு போட்டு, குழம்பில் இருக்கிற பெரிய துண்டையும் அவனுக்கே வைப்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஆயுசில் ஒரே ஒரு கோபம்தான் வந்து தங்கியது. அது எழுபத்து நாலாம் வருஷம், தை மாசம், மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் வந்தது.

அதைச் சொல்ல அவள் மகள் வசந்தியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வசந்தி கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவள். குப்பத்தில் அதற்கு முன்னால் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய பெண்ணே கிடையாது. அடையாறு பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. வேலை என்று பெயர்தானே தவிர, தற்காலிகம். ஏப்ரலில் போய் வா என்று அனுப்பிவிடுவார்கள். ஜூனில் கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. இந்த ஜூனில் பௌதிகத்துக்கு ஓர் இடம் நிரந்தரமாகிறது என்று பேச்சு. அதற்கு வசந்தியும் இன்னொரு பெண்ணும் காத்திருந்தார்கள். யாருக்கு என்று முடிவு செய்கிறவர் தாளாளர் சுயம்புலிங்கம்.

சுயம்புலிங்கத்துக்குத் தியாகராய நகரில் பெரிய ஜவுளிக்கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கடை போட்டு, கடை வளர்ந்து, கல்லூரியும் வைத்தவர். நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பச்சையம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏனென்றால் வருஷக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீட்டுப் பின்கட்டில் அவள்தான் கூடையை இறக்குவாள். அவருக்கு வஞ்சிரம் என்றால் உயிர். அவர்கள் ஊரில் அதற்குச் சீலா என்று பெயர். வஞ்சிரம் என்று அவள் சொன்னால், சீலா என்று சொல்லு, அதுதான் சரியான தமிழ் என்பார். சீலாவோ கீலாவோ, காசைக் கொடு என்று இவளும் சிரிப்பாள்.

தமிழ் என்றால் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். கடையில் ரசீது எழுதுகிற பையன் ‘சேலை டஜன்’ என்று எழுதிவிட்டால் அன்றைக்கு அவனுக்குப் பாடம் நடக்கும். அறிவியலைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று மயிலாப்பூரில் ஒரு மன்றம் வைத்திருந்தார். மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் கூட்டம். தை மாசக் கூட்டத்தில் நீ பேசு என்று வசந்தியைக் கூப்பிட்டுச் சொன்னார். நன்றாகப் பேசினால் ஜூனில் அது கணக்கில் வரும் என்று அவர் வாயால் சொல்லவில்லை. அது சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வசந்தி ஒரு வாரமாக வீட்டில் தனக்குத்தானே பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிவாள்மனையைக் கழுவிக்கொண்டிருந்த பச்சையம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

“இன்னாடி, தானா பேசிக்கினு கீற? எனக்குச் சொல்லு. எனக்குப் புரிஞ்சா அல்லாருக்கும் புரியும்.”

“நட்சத்திரம் பத்தி, அம்மா.”

“வெள்ளியா? சொல்லு, சொல்லு.”

குப்பத்தில் நட்சத்திரத்துக்கு வெள்ளி என்றுதான் பெயர். வசந்தி எதிரே உட்கார்ந்து சொன்னாள். சில வெள்ளி இப்போதுதான் பிறந்தவை. இப்போது என்றால் வானத்துக் கணக்கில் இப்போது. அவற்றைச் சுற்றிலும் புழுதியும் வாயுவும் மண்டிக் கிடக்கும். திருவாதிரைக்கும் மிருகசீரிஷத்துக்கும் நடுவே அப்படி ஒன்று மங்கலாகக் கிடந்தது. முப்பத்தாறாம் வருஷ வாக்கில் அது திடீரென்று பொங்கியது. ஒரு வருஷத்துக்குள் நூறு, இருநூறு மடங்கு வெளிச்சம்.

“அப்பால அணைஞ்சிடுச்சா?”

“அதுதாம்மா விஷயம். வேற நட்சத்திரங்களும் பொங்கும். சில நாள், சில மாசம், அப்புறம் அடங்கிடும். இது அடங்கவே இல்ல. நீ சின்னப் பொண்ணா இருந்தப்ப பொங்கினது, இன்னைக்கும் அப்படியே இருக்கு. அஞ்சு வருஷம் முன்னாடி அன்னம்னு ஒரு நட்சத்திரக் கூட்டத்துல இன்னொண்ணு இதே மாதிரி கிளம்பியிருக்கு.”

“எதுக்குப் பொங்குச்சாம்?”

“தெரியாது. இன்னும் யாருக்குமே தெரியாது.”

“எவனாச்சும் அதைப் பாத்து இன்னாச்சும் சொல்லியிருப்பான்” என்றாள் பச்சையம்மா.

வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அகச்சிவப்பு என்று ஒரு சொல்லைச் சொல்லி, அதை விளக்கப் பாடுபட்டாள். அந்த வெள்ளியைச் சுற்றியிருக்கிற புழுதி வெளிச்சத்தில் பாதியை விழுங்கிவிடும். விழுங்கினால் அது எங்கே போகும்? புழுதி சூடாகி, அந்தச் சூட்டை வெளியே விடும். அதுவும் ஒரு வெளிச்சம்தான், ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாது. “அடுப்பை அணைச்சப்புறம் தோசைக்கல்லு கறுப்பாத்தான் இருக்கு, கையை வெச்சா சுடுது இல்ல? அது மாதிரி. கண்ணால பாத்தா அந்த நட்சத்திரத்துல பாதிதான் தெரியும். சூட்டை அளக்கற கருவியை வெச்சாத்தான் மீதி எவ்வளவு இருக்குன்னு தெரியும்.”

பச்சையம்மாவுக்குப் புரிந்தது. அடுப்பைப் பற்றி அவளுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? பெண் இவ்வளவு அழகாகச் சொல்கிறாளே என்று பூரித்துப்போனாள். அதை மறைக்க, போதும், எழுந்து தண்ணி பிடி என்று அதட்டினாள்.

வசந்தி தன் பேச்சுக்கு ‘இளம் நட்சத்திரங்களின் நீண்ட சீற்றம்’ என்று தலைப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். அச்சடித்து வந்த நோட்டீஸில் ‘இளம் விண்மீன்களின் நீண்ட சீற்றம்’ என்று இருந்தது. சுயம்புலிங்கம் மாற்றிவிட்டார். நட்சத்திரம் தமிழ் இல்லையாம். அதோடு, இளம் நட்சத்திரம், சீற்றம் என்று போட்டால் யாரோ நடிகைக்குக் கோபம் வந்துவிட்டது என்று பாண்டி பஜாரே திரண்டு வந்து நிற்குமாம். நோட்டீஸைக் காட்டி வசந்தி இதைச் சொன்னபோது பச்சையம்மாவும் சிரித்தாள்.

“மேல ஏதுடி மீனு? கடல்ல கெடைக்கற மீனே போறல.”

வசந்தி சிரிக்கவில்லை. நோட்டீஸை மடித்தபடி, “அம்மா, நீ கண்டிப்பா வரணும். ஆனா அங்க எதுவும் பேசக் கூடாது. எது நடந்தாலும் பேசக் கூடாது. என்மேல ஆணை” என்றாள்.

“கூட்டத்துல இன்னாடி நடக்கப் போவுது? நான் இன்னா, அங்க வந்து ஏலமா வுடப் போறேன்?”

“ஜூன் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்க. வேலை கைக்கு வரட்டும்.”

பெண் சொல்கிறாளே என்று பச்சையம்மா தலையை ஆட்டினாள். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வசந்தியை அவள் படிக்க வைத்ததே, இந்தக் குப்பத்தில் பிறந்த ஒருத்தியை இனிமேல் யாரும் போ என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில் உட்கார வைக்கத்தான். வருஷா வருஷம் ஏப்ரலில் போ என்கிறார்கள். அதை ஒழித்துக்கட்ட இந்த ஒரு ஜூனைத் தாண்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூடையைத் தொடவில்லை. தலைக்குக் குளித்து, சுங்குடிப் புடவை கட்டி, பூ வைத்து, மண்டபத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். நல்ல கூட்டம். ரிடையரான ஆட்கள், மாணவிகள், முன் வரிசையில் கல்லூரி டீச்சரம்மாக்கள். மேடையில் வசந்தி இளநீல வாயில் புடவையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சுயம்புலிங்கம், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

“இன்றைய பேச்சாளர் செல்வி வசந்தி, நம் கல்லூரியின் விரிவுரையாளர். சாந்தோம் கடற்கரையில் பிறந்தவர். இவருடைய அன்னை நமக்கெல்லாம் மீன் விற்கிறார். மகள் இன்றைக்கு விண்மீன் விற்க வந்திருக்கிறார். மீனைப் பற்றிப் பேச இவரைவிடத் தகுதி உள்ளவர் யார்?” ஒரு நிமிஷம் நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார். “இது வானத்து மீன். வாடை வீசாது. பயப்படாமல் முன்னால் வந்து உட்காருங்கள்.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது.

பச்சையம்மாவுக்கு முதலில் காது அடைத்தது. பிறகு உச்சந்தலையில் நெருப்பு வைத்த மாதிரி ஆயிற்று. அடப்பாவி, பத்து வருஷமா என் கையால தின்னவனே. வாடையா வீசுது? ஞாயித்துக்கிழமை தட்டை வழிச்சு நக்கும்போது வீசலையா? உன் பெண்டாட்டி பேர் மீனாட்சியாச்சே, அதுல கீறது இன்னா, கத்திரிக்காயா? இத்தனையும் நாக்கின் நுனியில் வந்து நின்றது. எழுந்து நின்று ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தால் போதும். அந்த மைக்கு இவளுக்குத் தேவையே இல்லை.

மேடையைப் பார்த்தாள். வசந்தியும் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் தெரிய, தலையைக் கொஞ்சம் சாய்த்து, நாகரிகமாக. பெற்றவளுக்குத் தெரியாதா? அது அவள் பெண்ணின் சிரிப்பே இல்லை. யாருடையதையோ இரவல் வாங்கி ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. பச்சையம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள், இவளும் சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்து, முழங்கையால் இடித்து, “நல்லாப் பேசறார் இல்ல?” என்றாள்.

வசந்தி பேச எழுந்தாள். விண்மீன் என்று அவள் முதல் தடவை சொன்னபோது முன் வரிசையில் இரண்டு பேர் கையால் வாயைப் பொத்தினார்கள். இரண்டாம் தடவை நாலு பேர். மூன்றாம் தடவை பின்னாலிருந்து ஒருத்தன், “கிலோ என்ன விலை?” என்று மெல்லக் கேட்டான், மெல்லக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. வசந்தி நிறுத்தினாள். ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

“எங்க பக்கத்துல இதை வெள்ளின்னு சொல்வாங்க” என்றாள். “மீன் பிடிக்கறவங்க யாரும் இதை மீன்னு சொல்றதில்லை. இனிமே நானும் வெள்ளின்னே சொல்றேன்.”

அதற்கப்புறம் யாருக்கும் சிரிக்க வழி இல்லாமல் போயிற்று. அவளும் நிற்கவில்லை. திருவாதிரைப் பக்கத்து வெள்ளி பொங்கியதையும், அது அடங்காததையும், ஐந்து வருஷத்துக்கு முன் பொங்கிய இன்னொன்றையும், இப்படி இன்னும் எத்தனை புழுதிக்குள் ஒளிந்துகொண்டு பொங்குகின்றனவோ, நம் கண்ணுக்குத் தெரியாததால் அவை இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதையும் சொன்னாள். அந்தச் சூட்டை அளக்கிற கருவிகளே இப்போதுதான் வந்திருக்கின்றன, இனிமேல்தான் தேட வேண்டும் என்றாள். குரல் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. முடிந்ததும் கை தட்டினார்கள். நன்றாகத்தான் தட்டினார்கள். அதுதான் பச்சையம்மாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சிரிக்கவும் அவர்களே, தட்டவும் அவர்களேவா?

சுண்டலும் காப்பியும் கொடுக்கிற இடத்தில் சுயம்புலிங்கம் அவளைப் பார்த்துவிட்டார். “என்ன பச்சையம்மா, மக பேசினது வெளங்குச்சா?” என்று அன்பாகத்தான் கேட்டார். அந்த மனுஷனுக்குத் தான் ஒரு தப்பும் செய்ததாகத் தெரியவில்லை. தெரிந்து செய்திருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாளோ என்னவோ.

பச்சையம்மா பதில் சொல்லவில்லை. அவளுடைய ஆயுசில் ஒருவர் கேட்டு அவள் பதில் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. சுண்டலை வாங்காமல் வெளியே வந்து, சாந்தோம் வரைக்கும் நடந்தே போனாள். வசந்தி பின்னாலேயே வந்தாள்.

அடுத்த ஞாயிறு பச்சையம்மா தியாகராய நகர் பஸ்ஸில் ஏறினாள். வழக்கமான வீடுகளுக்கெல்லாம் போனாள். அவர் வீட்டு வாசலைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவர் வீட்டு டிரைவர் கங்காதரன் ஓடி வந்து மறித்தான்.

“இன்னாக்கா, அம்மா காத்துக்கினு கீறாங்க. வஞ்சிரம் இல்லையா?”

“இல்ல.”

கங்காதரன் கூடையை எட்டிப் பார்த்தான். முழங்கை நீளத்துக்கு வஞ்சிரம் ஒன்று வாலை வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது.

“இதோ கீதே.”

“அது உங்க ஐயாவுக்கு இல்ல. வாடை வீசும்னு போய்ச் சொல்லு.”

அவன் போய் என்ன சொன்னானோ தெரியாது. அடுத்த வாரமும் அவள் போகவில்லை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. குப்பத்தில் எல்லோரும் அதிசயமாகப் பார்த்தார்கள். கத்தவும் இல்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. மற்றவர்களோடு சண்டை போடுவதுகூடக் குறைந்துவிட்டது. கண்டக்டர் வள்ளென்று விழுந்தால் பேசாமல் இறங்கிக்கொண்டாள். அங்கமுத்து வந்து தலையைச் சொறிந்தபோது வாயே திறக்காமல் சோற்றைப் போட்டாள். அவன் பயந்துபோய்ப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். காலையில் கண் விழிக்கும்போது அந்தச் சிரிப்பு காதில் விழும். கொல்லென்று, அத்தனை பேரும் சேர்ந்து. அதோடுதான் சும்மாட்டைத் தலையில் வைப்பாள்.

ஏப்ரலில் வழக்கம்போல வசந்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள். மே மாசக் கடைசியில் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். போய்விட்டு வந்த வசந்தியின் முகம் சரியில்லை.

“இன்னா சொன்னான்?”

“இன்னும் முடிவு செய்யலயாம். அடுத்த வாரம் கையெழுத்துப் போடுவாராம். உங்கம்மாவுக்கு நம்ம வீட்டுப் படி ஏற இப்பல்லாம் கஷ்டமா இருக்காமே, உடம்புக்கு என்னன்னு கேட்டார்.”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்றதுதானே?”

“அம்மா, அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குப் புரியலயா?” வசந்தி குரலை உயர்த்தினாள். “இந்த ஞாயித்துக்கிழமை ஒரு தடவை போயிட்டு வா. எப்பவும் போல மீனைக் குடு. எப்பவும் போல சிரி. வேற எதுவும் வேணாம்.”

“மாட்டேன்.”

“எனக்காகக்கூடவா?”

“உனக்காகத்தாண்டி அன்னிக்கு வாயைப் பொத்திக்கினு ஒக்காந்தேன். இன்னும் இன்னாடி வேணும்? காலைப் புடிக்கணுமா?”

“யாரும் காலைப் பிடிக்கச் சொல்லல. மீன் விக்கத்தான் சொல்றேன். அது உன் தொழில்தானே?”

“தொழிலா? என் தொழிலை வெச்சு அவன் என் பொண்ணை நாறடிச்சான். அவன் வூட்டுக்கு நான் மீன் குடுக்கணுமா? கடல்லயே கொட்டுவேன்.”

அன்றைக்குச் சண்டை தெருவுக்கே கேட்டது. நாலு நாள் அம்மாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பச்சையம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவன்மேல் இருக்கிற கோபம் ஒரு பக்கம், பெண்ணின் தலையில் தானே மண்ணைப் போடுகிறோமோ என்கிற பயம் ஒரு பக்கம். இவள் படி ஏறாத குற்றத்துக்கு அந்த இடம் இன்னொருத்திக்குப் போய்விட்டால்? கடைசிவரைக்கும் ஜூனுக்கு ஜூன் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதானா?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கரைக்குப் போனாள். அன்றைக்கு வந்ததிலேயே பெரிய வஞ்சிரத்தை யாரையும் கேட்க விடாமல் ஏலத்தில் எடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, கூடையில் வேறு எதுவும் இல்லாமல் அதை மட்டும் வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். புதுப் புடவை கட்டினாள். நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்தாள். கண்ணாடியில் ஒரு தடவை சிரித்துப் பார்த்தாள். சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சிரித்துப் பார்த்தாள்.

வசந்தி பாயில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா போற?”

“நீ சொன்ன எடத்துக்குத்தான். வந்து கூடையைத் தூக்கி வுடு.”

வசந்தி எழுந்து வந்து கூடையின் விளிம்பைப் பிடித்தாள். தூக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் அம்மா சிரித்துப் பார்த்த சிரிப்பு அவளுக்குத் தெரிந்த சிரிப்பு. ஒவ்வொரு நாள் காலையும் கல்லூரி போகிற பஸ்ஸில் வசந்தி ஒத்திகை பார்க்கிற சிரிப்பு அதுதான்.

“போகாதம்மா” என்றாள்.

“அன்னிக்கு அந்தக் கத்து கத்துன, போ போன்னு.”

“போகாத. நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன்.”

“இன்னா சொல்லிக் குடுத்த?”

“எங்கம்மா மீன் விக்கறாங்க, நான் விண்மீன் விக்கறேன்னு. கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி அவர் ரூம்ல நானே சொன்னேன். என்னை அப்படியே அறிமுகம் பண்ணுங்க சார், நல்லா இருக்கும்னு சொன்னேன்.”

பச்சையம்மா அப்படியே நின்றாள். கையில் சும்மாடு இருந்தது.

“ஏண்டி?”

“எப்படியும் சிரிப்பாங்கம்மா. விண்மீன்னு நோட்டீஸ்ல வந்த அன்னிக்கே டீச்சர்ஸ் ரூம்ல ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு வருஷமா இதேதான். நான் உள்ள வந்தா யாராவது எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாங்க. என் டிபன் பாக்ஸ் இருந்த மேஜையைத் துடைப்பாங்க. காலையில ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிச்சுட்டுத்தான் போறேன், அப்பவும் ஜன்னலைத் திறப்பாங்க. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டா வலிக்காதுன்னு நெனச்சேன்.”

சோப்பு ஏண்டி இவ்வளவு சீக்கிரம் கரையுது என்று பச்சையம்மா எத்தனை தடவை கத்தியிருக்கிறாள்.

“வாடை வீசாதுன்னானே. அதையும் நீதான் சொல்லிக் குடுத்தியா?”

“இல்லம்மா. அது அவரே சேர்த்துக்கிட்டார்.”

“வலிச்சுதா?”

வசந்தி கூடையின் விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

“வலிச்சுதும்மா” என்றாள்.

பச்சையம்மா சும்மாட்டை மூலையில் எறிந்தாள். சாக்கை விலக்கி மீனைத் தூக்கி அரிவாள்மனை முன்னால் போட்டாள்.

அந்த வேலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. சுயம்புலிங்கம் மற்றப் பெண்ணின் பெயரில் கையெழுத்துப் போட்டார். அவருக்கு இவர்கள்மேல் பகை ஒன்றும் இல்லை. மீன் வராததற்காகத்தான் அப்படிச் செய்தார் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரே திடுக்கிட்டிருப்பார். வசந்தி இரண்டு வருஷம் டுடோரியலில் பாடம் நடத்திவிட்டு, பரீட்சை எழுதி அரசுக் கல்லூரிக்குப் போனாள். பச்சையம்மா அந்த வீட்டுக்கு அதற்கப்புறம் கூடையைக் கொண்டுபோகவே இல்லை. மீனாட்சி அம்மாளே ஒரு தடவை காரை நிறுத்திக் கூப்பிட்டாள். அப்போதும் போகவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் இன்னுமா என்று கேட்டவர்களுக்கு, ஆமா, இன்னுந்தான் என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மனையில் உட்கார்ந்து வஞ்சிரத்தைத் துண்டு போட்டாள். காலமெல்லாம் வஞ்சிரம் விற்றும் அந்த வீட்டு அடுப்பில் அதுவரை வஞ்சிரம் வெந்ததில்லை. விற்கிற மீன் அது, இவர்கள் தின்பது நெத்திலி. வசந்தி புளியைக் கரைக்க உட்கார்ந்தாள்.

“எவ எவ ஜன்னலைத் தெறந்தா?” என்றாள் பச்சையம்மா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“விடும்மா.”

“வுட மாட்டேன். நீ எனக்குச் சொல்லாம ரெண்டு வருஷம் உள்ளயே வெச்சுக்கினு வெந்துக்கினு கீற. எனக்கு யாரையும் அடிக்கப் போவ வாணாம். நீ சொல்லு. நான் கேக்கணும்.”

வசந்தி புளியைப் பிழிந்து சக்கையை எடுத்துப் போட்டாள். அப்புறம், “மொதல்ல சுந்தரவல்லி மேடம்” என்றாள். குரல் உடைந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்க டிபார்ட்மென்ட் ஹெட். அவங்கதான் மொதல் நாளே மூக்குல கர்ச்சீப் வெச்சாங்க.”

“ஹூம். அப்பால?”

அடுத்த பேரைச் சொன்னபோது வசந்தியின் குரலில் அழுகை இல்லை.